ஒரே ஆள், இரண்டு பாலிசி: அமெரிக்கக் காப்பீட்டுச் சந்தையில் இரட்டைப் பதிவு எங்கிருந்து வருகிறது?

2025 ஜூலையில், அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டங்களை நிர்வகிக்கும் சி.எம்.எஸ். அமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. 2024-ஆம் ஆண்டுத் தரவை அலசிப் பார்த்ததில், அரசுப் பணத்தில் ஓடும் மருத்துவக் காப்பீட்டில் 28 லட்சம் பேர் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் பதிவாகியிருந்தார்கள். சராசரியாக மாதத்துக்கு 12 லட்சம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களின் மெடிகெய்டில் இருந்தார்கள். இன்னொரு 16 லட்சம் பேர் மெடிகெய்டிலும் இருந்தார்கள், தனியார் பாலிசிகளை அரசு ஏற்பாட்டில் விற்கும், ‘ஒபாமாகேர்’ என்று மக்கள் சொல்லும் காப்பீட்டுச் சந்தையில் மானியத்தோடு எடுத்த பாலிசியிலும் இருந்தார்கள். இதைச் சரிசெய்தால் ஆண்டுக்குச் சுமார் 1,400 கோடி டாலர் மிச்சமாகும் என்றது சி.எம்.எஸ்.

கேட்டதும் 28 லட்சம் பேர் அரசை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 28 லட்சத்தில் பெரும்பாலோருக்கு இரண்டாவது பாலிசியால் கிடைக்கக்கூடிய லாபம் எதுவும் இல்லை. ஒரு முழங்கால் அறுவை சிகிச்சையை இரண்டு காப்பீட்டில் இரண்டு முறை செய்துகொள்ள முடியாது. பலருக்குத் தன் பெயரில் இன்னொரு பாலிசி ஓடுவதே தெரியாது. அப்படியானால் பணம் எங்கே போகிறது என்பதைப் பார்த்தால்தான், தடுக்கும் வழியும் பிடிபடும்.

மெடிகெய்ட் என்பது ஏழைகளுக்கான காப்பீடு. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து செலவைச் சுமக்கின்றன, நடத்துவது மாநிலம். அதில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேரை மாநிலங்கள் தனியார் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. தலைக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை நிறுவனத்துக்குப் போய்விடும். அந்த ஆள் அந்த மாதம் டாக்டரிடம் போனாரா, மாத்திரை வாங்கினாரா என்பதற்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் போதும். காப்பீட்டுச் சந்தையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2010-இல் கையெழுத்தான சட்டத்தின்படி, நடுத்தர, குறைந்த வருமானக்காரர்களுக்குக் கிடைக்கும் வரிச் சலுகையை ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் மாதாமாதம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். அந்த மானியப் பணம் குடிமக்கள் கைக்கு வராது, கருவூலத்திலிருந்து நேராக நிறுவனத்துக்குப் போகும். 2021 முதல் 2025 முடியும்வரை மானியம் கூடுதலாக இருந்ததால், வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்குள் வருமானம் உள்ளவர்கள் பிரீமியமாக ஒரு டாலர்கூடக் கட்டாமல் நல்ல பாலிசி எடுக்க முடிந்தது.

ஆக, ஒருவர் பெயரில் இரண்டு பாலிசி இருந்தால் மாதாமாதம் இரண்டு நிறுவனங்களுக்குப் பணம் போகிறது, வைத்தியம் ஒன்றுதான் நடக்கிறது. பில் வந்தால் ‘எனக்கு ஏன் இது?’ என்று அந்த ஆள் கேட்டிருப்பார். பிரீமியம் பூஜ்யம், பில்லே வரவில்லை. நிறுவனமும் கேட்கப் போவதில்லை. இந்த விவகாரத்தில் பயனாளியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பயன்படாத பாலிசிக்கு மாதாமாதம் பணம் வாங்கியவர் யார் என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை. எனக்கு இது உறுத்துகிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மெடிகெய்டிலோ, குழந்தைகளுக்கான ‘சிப்’ திட்டத்திலோ, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மெடிகேரிலோ இடம் உள்ளவருக்குச் சந்தை மானியம் கிடையாது. ஒரு மாநிலத்தில் குடியிருப்பவர்தான் அந்த மாநிலத்தின் மெடிகெய்டில் இருக்கலாம். விதியில் குழப்பமில்லை, வாழ்க்கை நகரும்போதுதான் குழப்பம் வருகிறது.

ஒஹையோவில் இரண்டு குழந்தைகளோடு மெடிகெய்டில் இருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். வேலை கிடைத்து மிஷிகனுக்குக் குடிபெயர்கிறார். புது வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வண்டிக்குப் புது நம்பர் என்று அலைகிறார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் மிஷிகனில் மெடிகெய்டுக்கு விண்ணப்பிக்கிறார், கிடைக்கிறது. ஒஹையோவுக்குச் சொல்லி நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கார்டைத் தூக்கிப் போட்டாலே முடிந்தது என்று நினைத்திருப்பார். ஒஹையோ அவர் பெயரில் ஒரு நிறுவனத்துக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்கிறது. புதுப்பிக்கச் சொல்லி அது அனுப்பும் கடிதம் பழைய வீட்டுக்குப் போகிறது. அந்தத் தாய் செய்த தவறு என்று எதைச் சொல்வது?

அப்புறம் வருமானம். மெடிகெய்டை விரிவுபடுத்திய 40 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும், வறுமைக்கோட்டின் 138 சதவீதம்வரை வருமானம் உள்ளவருக்கு மெடிகெய்ட் உண்டு. 2025 கணக்கில் தனி ஆளுக்கு ஆண்டுக்கு 21,597 டாலர். அதற்கு மேலே போனால் சந்தைக்கு வர வேண்டும். மணிக் கூலிக்குக் கடையில் வேலை பார்ப்பவருக்குப் பண்டிகைக் காலத்தில் கூடுதல் மணி நேரம் கிடைக்கும், ஜனவரியில் பாதியாகும். அவர் அந்தக் கோட்டுக்கு மேலும் கீழுமாக ஆண்டு முழுவதும் ஆடிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்க வேண்டும். நிறுத்துவது ஓர் அலுவலகம், தொடங்குவது வேறொன்று.

கொரோனா இதைப் பல மடங்காக்கியது. 2020 மார்ச்சில் வந்த சட்டம், கூடுதல் நிதி வேண்டுமென்றால் மெடிகெய்டில் இருப்பவர்களை நீக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு நிபந்தனை போட்டது. நெருக்கடி நேரத்தில் அது நியாயமான முடிவு, எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால் மூன்று ஆண்டுகள் பட்டியல் சுத்தம் செய்யப்படவில்லை. மத்திய சுகாதாரத் துறையின் தணிக்கைப் பிரிவு இரண்டு மாதங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டு மாநிலங்களில் ஒரே சமயம் பதிவாகியிருந்தவர்களுக்காக நிறுவனங்களுக்குப் போன தலைக்கணக்குத் தொகை 2019 ஆகஸ்டில் 7.29 கோடி டாலர், 2020 ஆகஸ்டில் 11.71 கோடி டாலர். 2023 ஏப்ரலில் நீக்கம் மறுபடி தொடங்கியபோது இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மெடிகெய்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தகுதி இல்லை என்று தெரிந்து நீக்கப்பட்டவர்கள் அல்லர். படிவம் வரவில்லை, கடிதம் சேரவில்லை என்ற நடைமுறைக் காரணங்களுக்காக நீக்கப்பட்டவர்கள். அவர்களில் பலர் சந்தைக்குப் போனார்கள், சிலர் மேல்முறையீடு செய்து மெடிகெய்டுக்கே திரும்பினார்கள். இரண்டு பட்டியல்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தது இந்தக் களேபரத்தில்தான்.

மெடிகெய்டில் இன்னொரு விசேஷம் உண்டு. விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தர முடியும். மார்ச்சில் அனுமதி வந்தால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களும் பின்தேதியிட்டு மெடிகெய்ட் மாதங்களாகிவிடும். அந்த மாதங்களில் சந்தைப் பாலிசி வைத்திருந்தவர் தரவில் இரட்டைப் பதிவாகத் தெரிவார். வரி விதி அவரைக் குற்றம் சொல்வதில்லை. அனுமதி வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல்தான் அவர் மெடிகெய்டில் இருப்பதாகக் கணக்கு. கணினியில் ஒத்துப்போகும் பெயர்களை எண்ணும்போது இந்த மாதிரி நியாயமான மேற்படிவுகளும் கூடவே வந்து விழும் என்பதை எண்ணைப் படிப்பவர் மனதில் வைக்க வேண்டும்.

ஏஜென்ட் செய்யும் வேலை

இதுவரை சொன்னது தவறி நடப்பது. வேண்டுமென்றே நடப்பதும் உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சந்தையில் ஆள் சேர்க்கும் ஏஜென்டுக்குத் தலைக்கு மாதாமாதம் கமிஷன். 2024-இல் மத்திய அரசின் சந்தைத் தளமான ஹெல்த்கேர்.கவ்வோடு இணைந்த தனியார் தளங்களில் ஏஜென்ட் ஒருவருக்கு ஓர் ஆளின் பெயர், பிறந்த தேதி, மாநிலம் மூன்றும் தெரிந்தால் போதும், அவருடைய பதிவைத் தேடி எடுத்துவிடலாம். எடுத்து, ‘இவருக்கு நான்தான் ஏஜென்ட்’ என்று மாற்றிக்கொள்ளலாம், பாலிசியையே மாற்றலாம். பிரீமியம் பூஜ்யம் என்பதால் அந்த ஆளுக்கு எந்தத் தடயமும் தெரியாது. மருந்துக் கடையில் ‘உங்கள் காப்பீடு செல்லவில்லை’ என்றபோதோ, வழக்கமான டாக்டர் புதுப் பாலிசியின் பட்டியலில் இல்லை என்றபோதோதான் தெரியவரும். 2024 ஜனவரி முதல் ஆகஸ்டுவரை, கேட்காமலே காப்பீட்டில் சேர்த்துவிட்டார்கள் என்று 1,83,553 புகார்களும், கேட்காமல் திட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று 90,863 புகார்களும் சி.எம்.எஸ்.ஸுக்கு வந்தன.

மெடிகெய்டில் நிம்மதியாக இருந்தவரைச் சந்தைப் பாலிசியில் சேர்த்தால் அவர் இரட்டைப் பதிவுக்காரர் ஆகிவிடுவார், குற்றவாளி போல நோட்டீஸும் அவருக்கே போகும். உண்மை பெரும்பாலும் அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் வெளிவரும். சந்தைப் பாலிசி வைத்திருந்த எல்லோருக்கும் ஜனவரி 31-க்குள் 1095-ஏ என்ற படிவம் அனுப்ப வேண்டும். மாதாமாதம் எவ்வளவு மானியம் போனது என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். அதைக் கணக்குத் தீர்க்கும் 8962 படிவம் இல்லாமல் இணையத்தில் வருமான வரிக் கணக்கை அனுப்பினால் வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். கணினி திருப்பி அனுப்பிவிடும். ரீஃபண்டை நம்பி வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒருவருக்கு, தான் எடுக்கவே எடுக்காத பாலிசி ஒன்று இப்படி வந்து குறுக்கே நிற்கிறது.

இதற்கு வைத்தியம் கண்டுபிடிக்க முடியாததல்ல. 2024 ஜூலையில், ஏற்கனவே ஒருவரோடு இணைக்கப்படாத ஏஜென்ட் அவருடைய பதிவில் மாற்றம் செய்ய வேண்டுமென்றால், ஏஜென்ட், அந்த ஆள், சந்தையின் அழைப்பு மையம் மூவரும் ஒரே ஃபோன் அழைப்பில் இருக்க வேண்டும் என்று சி.எம்.எஸ். விதி போட்டது. 850 ஏஜென்டுகளின் அனுமதியையும் நிறுத்திவைத்தது. சில மாதங்களில் ஏஜென்ட் வழியான திட்ட மாற்றங்கள் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தன. கலிஃபோர்னியா தன் சொந்தச் சந்தையில் அதற்கு முன்பே ஒரு எளிய ஏற்பாடு வைத்திருந்தது: வாடிக்கையாளரின் ஃபோனுக்கு ஒரு முறை மட்டும் செல்லும் எண் வரும், அதை அவரே சொன்னால்தான் ஏஜென்டுக்குக் கதவு திறக்கும். வங்கியில் ஐந்நூறு ரூபாய் அனுப்பவே ஓ.டி.பி. கேட்கும் காலத்தில், ஒருவருடைய மருத்துவக் காப்பீட்டை மாற்ற அது தேவைப்படாமல் இருந்தது என்பது நினைக்கவே வருத்தமாக இருக்கிறது.

ஒரு எண்ணுக்கு ஒரு பாலிசி என்று வைத்தால் என்ன?

சரி, ஒவ்வொருவருக்கும் அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறதே, ஒரு எண்ணில் ஒரு பாலிசிக்கு மேல் கணினி ஏற்கக் கூடாது என்று வைத்துவிட்டால் முடிந்ததே! யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வும் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. 2023-இல் ஒரே ஒரு எண் 125-க்கும் மேற்பட்ட பாலிசிகளில் பயன்பட்டிருந்தது. அந்தப் பாலிசிகளின் நாட்களைக் கூட்டினால் 71 ஆண்டுகளுக்கு மேல் வருகிறது, அதுவும் ஒரே ஆண்டுக்குள். ஜி.ஏ.ஓ. கற்பனைப் பெயர்களில் விண்ணப்பம் போட்டும் சோதித்தது. 2025-க்காகப் போட்ட 20 விண்ணப்பங்களில் 18 பேருக்கு செப்டம்பரிலும் காப்பீடு ஓடிக்கொண்டிருந்தது, இல்லாத ஆட்களுக்கு.

இவ்வளவு தெரிந்தும் சந்தை ஏன் ஒரே எண்ணில் பல பதிவுகளை அனுமதிக்கிறது? அதிகாரிகள் சொன்ன பதிலில் நியாயம் இருக்கிறது. என் எண்ணை யாரோ திருடி முன்கூட்டியே ஒரு பாலிசி எடுத்துவிட்டார் என்று வையுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு பாலிசி என்றால், திருடியவருக்குக் காப்பீடு இருக்கும், உண்மையான எனக்குக் கதவு சாத்தப்படும். யாரோ ஒருவர் தட்டச்சில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டாலும் இதே கதி. புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் ‘உங்கள் எண் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற வரியின் முன்னால் மாதக்கணக்கில் நிற்க நேரும். அதனால் சேர்க்கும்போது தடுக்காமல், மாதாமாதம் பின்னால் அலசிப் பார்க்கிறார்கள். நோக்கம் சரிதான். ஆனால் 125 பாலிசிக்கு மேல் ஓட விட்டதை அந்த நோக்கத்தைக் காட்டி நியாயப்படுத்த முடியாது. இரண்டாவது பதிவு வரும்போதே விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு, மானியத்தை மட்டும் ஆள் பார்த்துச் சரிசொல்லும்வரை நிறுத்திவைக்கும் நடுவழி ஒன்று இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதற்கு ஊழியர்கள் வேண்டும், செலவாகும்.

எண்ணை விட்டுப் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துப் பொருத்திப் பார்க்கலாமே என்றால், அங்கே போயிருக்கும் நம் ஆட்களுக்கே இதன் கஷ்டம் நன்றாகத் தெரியும். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை. பாஸ்போர்ட்டில் முத்துக்குமார் என்று மட்டும் இருந்தால், விசாவில் அது கடைசிப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்று அச்சாகிவிடும். அடுத்த முறை அப்பா பெயரைச் சேர்த்து முத்துக்குமார் சண்முகம் ஆவார். மனைவியின் கடைசிப் பெயர் முத்துக்குமார், பிள்ளைகளுக்கும் அதுவே. வேலை விசாவில் போனவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கு வேலை அனுமதி இல்லாவிட்டால் பெரும்பாலும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணே இருக்காது. ஒரு மாநிலத்துக் கணினியில் ஒரு ஆள் இரண்டு ஆளாகலாம், இரண்டு ஆள் ஒரு ஆளாகவும் ஆகலாம். பிறந்து சில வாரமே ஆன குழந்தைகளுக்கும் எண் வந்திருக்காது. பொருத்திப் பார்க்கும் விதியை இறுக்கினால் உண்மையான இரட்டைப் பதிவு தப்பிவிடும், தளர்த்தினால் சம்பந்தமில்லாத இருவரை ஒருவராக்கி ஒருவருடைய காப்பீட்டை வெட்டிவிடும்.

இப்போது இருக்கும் வலைகள்

இன்று இரண்டு வலைகள் இருக்கின்றன. மாநிலங்களுக்கு இடையே பாரிஸ் என்ற தரவு ஒப்பீடு, ஆண்டுக்கு நான்கு முறை நடக்கிறது. மெடிகெய்டுக்கும் சந்தைக்கும் இடையே, ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை பட்டியல்களை ஒப்பிட வேண்டும் என்பது விதி. ஒருவர் இரண்டிலும் தெரிந்தால் கடிதம் போகும். 30 நாளுக்குள் மெடிகெய்டை விட வேண்டும், அல்லது மானியத்தை விட வேண்டும், அல்லது ‘நான் மெடிகெய்டில் இல்லை’ என்று ஆவணம் காட்ட வேண்டும். எதுவும் செய்யாவிட்டால் மானியம் நின்றுவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் வலையில், இடையில் ஓடும் மாதங்கள் எல்லாம் பணம்தான். போதாக்குறைக்கு, மாநிலங்கள் அனுப்பும் தரவு மத்திய அரசின் கணினிக்கு வந்து சேரும்போது பழசாகியிருக்கும். பிப்ரவரியில் மெடிகெய்டை விட்டவர் ஏப்ரலிலும் அதில் இருப்பதாகத் தெரிவார். அவருக்குக் கடிதம் போய், அது பழைய முகவரியில் தங்கி, 30 நாள் கழிந்தால், மானியம் போய்விடும். பிரீமியம் இல்லாமல் இருந்த பாலிசிக்கு மாதம் ஐந்நூறு டாலருக்கு மேல் பில் வரும். கட்ட முடியாது, பாலிசி போகும். இரட்டைப் பதிவைத் தடுக்கப் போட்ட வலையில் ஒற்றைப் பதிவும் இல்லாத ஆள் உருவாகிவிடுகிறார்.

65 வயதைத் தொடுபவர்கள் தனிக் கதை. மெடிகேர் தொடங்கினால் சந்தைப் பாலிசி தானாக நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது, தானே சொல்லி நிறுத்த வேண்டும். கிரீன் கார்டில் போன பெற்றோர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் போதிய ஆண்டுகள் வேலை பார்த்து வரி கட்டாதவர்களுக்கு மருத்துவமனைச் செலவுக்கான மெடிகேரின் ஏ பகுதி இலவசமில்லை. ஐந்து ஆண்டு தொடர்ந்து குடியிருந்த பிறகு பணம் கட்டி வாங்கலாம். வாங்காதவரை சந்தை மானியத்துக்குத் தடையில்லை, வாங்கிய மாதத்திலிருந்து மானியம் கிடையாது. இதை அறியாமல் இரண்டையும் வைத்துக்கொண்டால் வரிக் கணக்கில் திருப்பிக் கட்ட நேரும்.

திருப்பிக் கட்டுவதிலும் இப்போது கடுமை கூடியிருக்கிறது. 2024 வரிக் கணக்கில், வறுமைக்கோட்டின் இரு மடங்குக்குள் வருமானம் உள்ள தனி ஆள் அதிகபட்சம் 375 டாலர்தான் திருப்பித் தர வேண்டியிருந்தது. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான பெரிய வரிச் சட்டம் இந்த உச்சவரம்பை 2026 முதல் நீக்கிவிட்டது. கூடுதலாகப் போன மானியம் முழுவதையும் கட்ட வேண்டும்.

அதே சட்டம் இரட்டைப் பதிவைப் பற்றியும் நேரடியாகப் பேசுகிறது. 2027 முதல் மாநிலங்கள் மெடிகெய்டில் இருப்பவர்களின் முகவரியைத் தபால் துறை போன்ற நம்பகமான இடங்களிலிருந்து தாங்களே புதுப்பிக்க வேண்டும். 2029 அக்டோபருக்குள் ஒரு மத்தியக் கணினி அமைப்பு வர வேண்டும். மாநிலங்கள் மாதம் ஒருமுறையாவது சோஷியல் செக்யூரிட்டி எண்களை அதற்கு அனுப்ப, ஒருவர் இரண்டு மாநிலத்தில் இருக்கிறாரா என்று அது சொல்லும். முதல் பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒஹையோவிலிருந்து போன தாயின் புது முகவரி தபால் துறைக்குத் தெரியும், ஒஹையோவுக்குத்தான் தெரியாமல் இருந்தது. ஆனால் இந்த அமைப்பு மாநிலம் விட்டு மாநிலம் நடப்பதைத்தான் பிடிக்கும். மெடிகெய்டும் சந்தையும் சேர்ந்த அந்த 16 லட்சம் பேர் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு வேறொரு பிரிவு: 2028 முதல், வருமானம், முகவரி, வேறு காப்பீடு உண்டா என்பதெல்லாம் சரிபார்த்த பிறகுதான் மானியம் கிடைக்கும், முன்போலத் தானாகப் புதுப்பித்துக்கொண்டு மானியத்தைத் தொடர முடியாது. சரிபார்ப்பு முன்னால் வருவது நல்லது. ஆண்டுதோறும் எல்லோரும் காகிதம் காட்ட வேண்டும் என்றால், காட்ட நேரமில்லாதவர்களும் மொழி தெரியாதவர்களும்தான் முதலில் விழுவார்கள் என்பதை 2023-இல் மெடிகெய்ட் நீக்கத்திலேயே பார்த்தாயிற்று.

இதே காலத்தில் வந்த இன்னொரு யோசனை, பிரீமியம் பூஜ்யமாக உள்ளவர்கள் தானாகப் புதுப்பிக்கப்பட்டால் மாதம் 5 டாலர் பில் போடுவது. பில் வந்தால் ஆள் விழித்துக்கொள்வார் என்பது கணக்கு. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் இதை நிறுத்திவைத்தது. ஆளை விழிக்கவைக்க ஒரு குறுஞ்செய்தியும் ஒரு ஃபோனும் போதும், ஐந்து டாலர் கட்டத் தவறியதற்காக ஒருவரின் இன்சுலின் நிற்கக் கூடாது.

நியூயார்க்கின் முறையை இவை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். அங்கே மெடிகெய்டுக்கும், குழந்தைகள் திட்டத்துக்கும், மானியப் பாலிசிக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கணினி. வருமானத்தைப் போட்டால் இவருக்கு இதுதான் என்று அதுவே சொல்லும். சம்பளம் கூடினால் அதே பதிவில் ஒன்று மூடி மற்றொன்று திறக்கும். மாசசூசெட்ஸிலும் ரோட் ஐலண்டிலும் இதுபோன்ற பொது அமைப்பு உண்டு. ஹெல்த்கேர்.கவ்வை நம்பியிருக்கும் பல மாநிலங்களில், சந்தை ‘இவர் மெடிகெய்டுக்குத் தகுதியானவர் போலத் தெரிகிறது’ என்று ஒரு கோப்பை மாநிலத்துக்கு அனுப்பும், மாநிலம் மறுபடி முதலிலிருந்து பார்க்கும். அந்தக் கோப்பு போய்ச் சேரும் இடைவெளியில்தான் ஒருவர் இரண்டு பேராகிறார். ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் இந்த மேற்படிவைக் கடிதம் போட்டுத் துரத்துவதைவிட, அது உண்டாகாத மாதிரி விண்ணப்பத்தையே கட்டுவது மலிவு. அதற்கு முதலில் பணம் போட வேண்டும். பழைய கணினியை மாற்ற மாநிலங்கள் தயங்குவதும் அங்கேதான்.

அங்கே இருக்கும் உறவினர்களுக்குச் சொல்ல இதைப் படிப்பவர்கள் சிலர் இருப்பீர்கள். மாநிலம் மாறினால் பழைய மெடிகெய்டை ஃபோன் செய்து நிறுத்தச் சொல்லி, நிறுத்திய தேதியை எழுதி வாங்கச் சொல்லுங்கள். மெடிகெய்ட் கிடைத்த கடிதம் வந்தால் சந்தைப் பாலிசியில் அந்த ஆள் பெயரை மட்டும் நீக்க வேண்டும், குடும்பத்தில் மற்றவர்களுடையது நிற்கக் கூடாது. விண்ணப்பத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் இருக்கட்டும். எடுக்காத பாலிசிக்கு 1095-ஏ வந்தால் தூக்கிப் போட வேண்டாம். சந்தையின் அழைப்பு மையத்தில் புகார் கொடுத்து, அந்தப் பாலிசியை ரத்து செய்து திருத்திய படிவம் வாங்கிய பிறகு வரிக் கணக்கை அனுப்புவதே பாதுகாப்பு.